‘செய்வேன்’, ‘செய்வேனா?’: நடுவே ஓர் எழுத்து

கையெழுத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லித்தான் அந்த மாணவர்களிடம் தாளைக் கொடுத்தார்கள். இடம், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். ஒரு குழு ஆங்கிலத்தில் ‘ஐ வில்’ (செய்வேன்) என்று இருபது முறை எழுத வேண்டும். இன்னொரு குழு அதையே திருப்பி, ‘வில் ஐ’ (செய்வேனா) என்று இருபது முறை. மீதி இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு ‘ஐ’ மட்டும், மற்றதற்கு ‘வில்’ மட்டும். எழுதி முடித்ததும், ஒரு சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி வேறொரு சொல்லை உண்டாக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். அதிகமான புதிர்களை அவிழ்த்தது ‘வில் ஐ’ என்று எழுதிய குழு.

இப்ராஹிம் செனாய், டொலோரஸ் அல்பரசீன், கெஞ்சி நொகுச்சி ஆகிய மூவரும் 2010இல் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட சோதனை இது. அதே கட்டுரையில் இன்னும் நேரடியான ஒன்றும் உண்டு. புதிரைத் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம், சிலரை ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்களை ‘இதைச் செய்வேனா?’ என்று யோசிக்கச் சொன்னார்கள். அங்கும் யோசித்தவர்களின் கைதான் ஓங்கியது.

தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன், நான் தைரியசாலி’ என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். உறுதியாகச் சொன்னவனைவிடச் சந்தேகத்தோடு கேட்டவன் எப்படி நன்றாகச் செய்ய முடியும்?

உறுதிமொழியை மருந்துபோல வேளை தவறாமல் சொல்லும் முறையை ஐரோப்பாவில் பரப்பியவர் ஒரு மருந்தாளுநர். பெயர் எமில் கூவே, ஊர் பிரான்சின் நான்சி. ‘நாளுக்கு நாள், எல்லா விதத்திலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்’ என்பது அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியம். காலையிலும் இரவிலும் இருபது முறை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு, நம் ஜபமாலை போல. 1926இல் அவர் இறப்பதற்குள் அந்த வாக்கியம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் புகழ் பெற்றிருந்தது. இன்று செல்பேசியில் காலைதோறும் வந்து விழும் ‘உன்னால் முடியும்’ வாசகங்களெல்லாம் அந்தக் கயிற்றின் தொடர்ச்சிதான்.

அந்த வாசகங்கள் யாருக்கு உதவுகின்றன என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் 2009இல் சோதித்தார்கள். மனதில் தோன்றுவதை நான்கு நிமிடம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மணி அடிக்கும். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ‘நான் அன்புக்குரிய மனிதன்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமான மனநிலைக்குப் போனார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. (2020இல் வெளியான மறுசோதனை ஒன்றில் இந்தத் தீங்கு தென்படவில்லை. ஆகவே உறுதிமொழி ஆபத்தானது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.)

வுட் குழுவின் விளக்கம் எனக்கு நம்பத் தகுந்ததாகவே இருக்கிறது. ஒரு கூற்று நம் மனதில் ஏற்கெனவே இருக்கும் கருத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம். வெகுதூரத்தில் இருந்தால் உள்ளிருந்து ஒரு குரல் எழுந்து வாதாடத் தொடங்குகிறது. ‘நான் அன்புக்குரியவன்’ என்று சொன்ன மறுகணமே, ‘அப்படியானால் போன வாரம் அவன் ஏன் அப்படிப் பேசினான்?’ என்று அந்தக் குரல் சாட்சிகளை அழைத்து வருகிறது.

கேள்விக்கு அந்தத் தொல்லை இல்லை. மறுப்பதற்கு அதில் கூற்று எதுவுமே கிடையாது. கேள்வி காதில் விழுந்ததும் மனம் செய்யும் வேலை தேடல். எந்தப் பக்கம் தேடுகிறது என்பதைக் கேள்வியின் வடிவமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. உளவியலாளர் ஸீவா குண்டாவும் சகாக்களும் 1993இல் காட்டியது இதைத்தான்: ‘உங்கள் நட்பு, உறவு வாழ்க்கையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?’ என்று கேட்கப்பட்டவர்கள், ‘மகிழ்ச்சியில்லாமல் இருக்கிறீர்களா?’ என்று கேட்கப்பட்டவர்களைவிடத் தங்களை மகிழ்ச்சியானவர்களாக மதிப்பிட்டார்கள். இரண்டு குழுவும் பொய் சொல்லவில்லை. எல்லோர் வாழ்க்கையிலும் இரண்டுக்கும் சான்று இருக்கிறது. எதைக் கேட்டோமோ அதற்கான சான்று முதலில் கைக்கு வருகிறது.

கேள்வி செயலையும் தொடுகிறது. 1980இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஷெர்மன் செய்த சோதனை இதில் முன்னோடி. புற்றுநோய் அமைப்பு ஒன்றுக்காக மூன்று மணி நேரம் நன்கொடை திரட்ட வர முடியுமா என்று ஊர்க்காரர்களைத் தொலைபேசியில் நேரடியாகக் கேட்டபோது, சம்மதித்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். வேறு சிலரிடம் முதலில், ‘இப்படி ஒருவர் கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?’ என்று மட்டும் கேட்டார்கள். பாதிப்பேர் ‘ஒப்புக்கொள்வேன்’ என்றார்கள். சில நாள் கழித்து உண்மையாகவே கேட்டபோது இவர்களில் 31 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இப்படிப்பட்ட பல ஆய்வுகளைப் பின்னாளில் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி விளைவு இவ்வளவு பெரிதாக இல்லை, சிறியதாகவே இருந்தது. ஆனாலும் இருந்தது.

இல்லினாய் சோதனைகளில் கடைசியானது எனக்கு மிகவும் பிடித்தது. அதில் புதிர் கிடையாது. உடற்பயிற்சியைப் பற்றிய பேச்சு. ‘வில் ஐ’ குழுவினரிடம் பயிற்சி செய்யும் எண்ணம் கூடுதலாக இருந்தது. ஏன் செய்ய விரும்புகிறீர்கள் என்று பார்த்தால், ‘செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கும்’ என்கிற வகைக் காரணங்களைவிட, ‘என் உடம்புக்கு நான்தான் பொறுப்பு’ என்கிற வகைக் காரணங்கள் அவர்களிடம் மேலோங்கி நின்றன. கேட்டதால்தான் அந்தக் காரணங்கள் உள்ளிருந்து வந்தன. ‘செய்வேன்’ என்று முழங்குபவருக்குக் காரணம் தேடும் அவசியமே எழுவதில்லை. முடிவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த மாற்றத்துக்குச் சொற்களை இடம் மாற்ற வேண்டும். நமக்கு ஓர் ‘ஆ’ போதும். செய்வேன், செய்வேனா. ஆனால் தமிழில் அந்த ‘ஆ’ எந்தச் சொல்லிலும் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கேதான் கவனம் வேண்டும். ‘நாளை நடக்கப் போவேனா?’ என்பது திறந்த கேள்வி. ‘நானா நாளை நடக்கப் போவேன்?’ என்று ‘ஆ’ முன்னே நகர்ந்ததும், ‘மாட்டேன்’ என்ற பதில் கேள்விக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘எப்படி முடியும்?’ என்பதைக் கேள்வியாக நாம் கேட்பதே அபூர்வம். அது கைவிரிப்பதற்கான சொல். அதே ‘எப்படி’யை ‘எப்படிச் செய்யலாம்?’ என்று போட்டால் வழி தேடத் தொடங்குகிறது. ‘முடியுமா?’ என்பதைவிட ‘செய்வேனா?’ நல்லது என்பது என் கருத்து. முன்னது திறமையை எடை போடுகிறது. தன்னம்பிக்கை குறைந்த நாளில் அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியும். பின்னது நம் விருப்பத்தைக் கேட்கிறது.

‘ஏன்?’ என்ற சொல்லையும் பார்த்துத்தான் கையாள வேண்டும். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது?’ என்று கேட்டாலும் மனம் கடமை தவறாமல் தேடும், கிடைப்பதெல்லாம் பழைய காயங்கள். ஒரே துயரத்தை மனம் அசைபோடுவதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த இங்கிலாந்தின் எக்ஸெடர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் வாட்கின்ஸ், ‘ஏன் இப்படி ஆனது, இதற்கு என்ன அர்த்தம்’ என்று பொதுப்படையாகச் சுழலும் சிந்தனை மனச்சோர்வை நீட்டிக்கிறது என்றும், ‘இது எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்’ என்று குறிப்பாகக் கேட்பது உதவுகிறது என்றும் காட்டியிருக்கிறார். ‘நான் ஏன் இவ்வளவு பணக்காரன்?’ என்று இல்லாததை இருப்பதாக வைத்துக் கேட்டுக்கொள்ளச் சொல்லும் பயிற்சிகளும் இப்போது பரவுகின்றன. கடனில் இருப்பவர் அப்படிக் கேட்டால் உள்ளிருக்கும் குரல் மறுபடி வாதாட வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டாலும் அது பழைய உறுதிமொழியேதான். ‘இந்த மாதம் எந்தச் செலவைக் குறைப்பேன்?’ என்பது உண்மையான கேள்வி.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இல்லினாய் சோதனைகளில் பங்கேற்றவர்கள் ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடும் அளவிலான சிறு குழுக்கள். ‘வில் ஐ’ என்று இருபது முறை எழுதினால் எல்லோருக்கும் மூளை கூர்மையாகிவிடும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நான் அதிகம் நம்புவது எழுதும் சடங்கை விட, கேட்டதற்குப் பதில் சொல்லும் வேலையை.

என் மகளுக்குக் கணக்கென்றால் பயம். ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு தேர்வுக்கு முதல் நாளும் தலையைத் தடவி, “உன்னால முடியும்டா கண்ணு” என்பேன். “போங்கப்பா, சும்மா சொல்றீங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு ஒரு நாள், “நாளைக்கு எல்லாக் கணக்கையும் போட்டுடுவியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். விரலை மடக்கி எண்ணினாள். “பெருக்கல் போடுவேன். வகுத்தலும் போடுவேன். பின்னத்துல, கீழ வேற வேற எண் வந்தா மட்டும் குழம்பிடும்ப்பா.”

இத்தனை நாளாக அவளைத் தேற்றிக்கொண்டிருந்த எனக்கு, அவள் பயத்துக்கு இவ்வளவு துல்லியமான முகவரி இருப்பது அன்றுதான் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு சப்பாத்தியை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் வெட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.