யாரும் அழுத்தாத பொத்தான்

"ஒரே அலுவலகம், ஒரே வேலை, ஒரே கெடு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர் படுத்ததும் தூங்கிவிடுகிறாராம். அது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். குரலில் கொஞ்சம் பொறாமையும் தெரிந்தது.

மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் கதை பள்ளியிலேயே படித்ததுதான். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும். சரி, அது இருவருக்கும் பொது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

1960களின் இறுதியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு விசித்திரமான இரைச்சலைத் தயாரித்தார்கள். இருவர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், ஒருவர் அர்மீனியன். கூடவே தட்டச்சு, கணக்குப் பொறி, நகலெடுக்கும் இயந்திரம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, 108 டெசிபலில், எப்போது வரும் என்று தெரியாதபடி விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தார்கள். சிலரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது" என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. ஆக, எல்லோர் காதிலும் விழுந்தது அதே இரைச்சல்தான். ஆனால் அப்புறம் கொடுத்த அச்சுப்பிழை பார்க்கும் வேலையில் பொத்தான்காரர்கள் பிழைகளைக் குறைவாகவே தவறவிட்டார்கள். தீர்க்கவே முடியாத புதிர்களோடும் அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள்.

பொத்தான் மூளைக்குள் என்ன செய்கிறது? இதற்கு விடை தந்தவை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் மேயரின் எலிகள். இரண்டு எலிகளின் வாலில் ஒரே நேரத்தில் மின் அதிர்ச்சி. முதல் எலி தன் முன்னுள்ள சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது என்ன செய்தாலும் பலனில்லை. வலி இம்மியும் கூடக்குறைய இல்லை. ஆனாலும் மறுநாள் எளிதில் தப்பக்கூடிய வேறு பெட்டியில் விட்டால் முதல் எலி ஓடிவிடும், இரண்டாவது பெரும்பாலும் ஒடுங்கி உட்கார்ந்துவிடும்.

முன்பு இதேபோல் ஒடுங்கிய நாய்களைப் பார்த்து, 'என்ன செய்தாலும் பலனில்லை' என்பதை அவை கற்றுக்கொண்டன என்றுதான் மேயரும் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் 1967இல் எழுதினார்கள். பிறகு தங்கள் கருத்தைத் தாங்களே தலைகீழாகத் திருப்பினார்கள். (அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.) நீளும் துன்பத்தில் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பு. மூளைத்தண்டில் ஒரு சிறு நரம்புக் கொத்து செரோடோனினைக் கொட்டி அந்த ஒடுக்கத்தை உண்டாக்குகிறது. 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று விளம்பரமாகும் அதே செரோடோனின்தான்! கற்க வேண்டியது எதிர்ப்பக்கம்: 'நான் செய்தது பலித்தது' என்பதை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் புறணி (மூளையின் வெளியடுக்கு) கண்டுகொண்டு, கீழேயுள்ள கொத்தை "அடங்கு" என்று அதட்டுகிறது. 2005இல் அந்தப் புறணிப் பகுதியைத் தற்காலிகமாக முடக்கிப் பார்த்தார்கள். எலி வழக்கம்போலச் சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்தியது. ஆனாலும் மறுநாள் ஒடுங்கியே கிடந்தது.

எலியின் வாலை வைத்து ஆராய்ச்சி செய்ய எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

வாசகருக்கு ஒரு வார்த்தை: மனிதர் எலி அல்ல, உங்கள் கதையை இது முழுக்க விளக்கிவிடாது. ஆனாலும், எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் தானே முடிவு செய்கிறாரா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.