நியூசன்ஸ்: தொல்லை வேறு, கேடு வேறு

தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் ‘நியூசன்ஸ் கேஸ்’ என்றால் சில்லறை வழக்கு. குடித்துவிட்டுத் தெருமுனையில் கூச்சல் போட்டவர் மறுநாள் அபராதம் கட்டிவிட்டு வீடு போய்ச் சேர்வார். வீட்டுப் பேச்சில் ‘அவன் ஒரு நியூசன்ஸ்’ என்றால் ஓயாமல் நச்சரிப்பவன் என்று பொருள். இரண்டு இடத்திலும் சொல்லுக்குள் இருப்பது எரிச்சல், நோய் இல்லை.

இங்கிலாந்தின் சுகாதாரச் சட்டங்களில் இதே சொல் வேறு முகத்தோடு இருக்கிறது. அங்கே நியூசன்ஸ் என்பது ஈரம் ஊறிய படுக்கையறைச் சுவர், நிரம்பி வழியும் மலக்குழி, மாதக்கணக்கில் அள்ளாத சாணக் குவியல், ஆலைப் புகைபோக்கி கக்கும் கரும்புகை. இதைத் தமிழில் ‘தொல்லை’ என்று எழுதினால் பாதிப் பொருள் உதிர்ந்துபோகிறது.

முதலில் வேர். லத்தீனில் ‘நொக்கேரே’ என்றால் ஊறு செய்தல். அது பிரெஞ்சு வழியாக ‘நுயிசான்ஸ்’ ஆகி, 1400 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘ஊறு, சேதம்’ என்பதே பொருள். நச்சுத்தன்மையைக் குறிக்கும் ‘நாக்‌ஷியஸ்’, ஊறு அறியாதவரைக் குறிக்கும் ‘இன்னசென்ட்’ இரண்டும் இதே வேரில் முளைத்தவை. எரிச்சலூட்டுதல் என்ற பொருளுள்ள ‘அனாய்’ காதுக்கு உறவு போல ஒலித்தாலும் அதன் வேர் வெறுப்பைக் குறிக்கும் வேறொரு லத்தீன் தொடர். காலப்போக்கில் நியூசன்ஸின் பொருள் இளகி, கடைசியில் எரிச்சலூட்டும் ஆளையும் குறிக்கத் தொடங்கியது. தமிழ்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டது இந்த இளகிய பொருள்தான்.

நீதிமன்றத்தில் இந்தச் சொல்லுக்கு மிகப் பழைய வரலாறு உண்டு. 1610-இல் நார்ஃபோக்கைச் சேர்ந்த ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பன்றிக் கொட்டிலின் நாற்றம் தாங்காமல் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பின் வாதம் சுவையானது: மனிதர் உண்ணப் பன்றி வேண்டும்; பன்றி நாற்றத்தைப் பொறுக்காத அளவுக்கு ஒருவருக்கு மூக்கு நாசூக்காக இருக்கக் கூடாது. வாதம் எடுபடவில்லை, ஆல்ட்ரெட் வென்றார். ஆனாலும் இந்த வழக்கின் இயல்பைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தம் இடத்தில் செய்வது அடுத்தவர் இடத்தைப் பாதிக்கிறது. அண்டைவீட்டார் ஒருவர் இருந்தால்தான் இந்த நியூசன்ஸே உண்டு. இதற்குத் ‘தொல்லை’, ‘இடையூறு’ இரண்டும் பொருந்தும்.

காலரா வந்து பொருளை மாற்றியது. 1846-இல் தொடங்கி அடுத்தடுத்து வந்த நியூசன்ஸ் அகற்றல் சட்டங்கள், சாக்கடையையும் குப்பையையும் அண்டைவீட்டுச் சண்டையாகப் பார்க்காமல் ஊரின் உயிர்ப் பிரச்சினையாகப் பார்த்தன. ‘இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்ஸஸ்’ என்று ஒரு பதவியே பிறந்தது. 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் எவையெல்லாம் நியூசன்ஸ் என்று பட்டியல் போட்டது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் புதுக்கி, ‘சட்டத்தால் வகுக்கப்பட்ட நியூசன்ஸ்’ என்ற வகையை நிலைநிறுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் சிற்றூர் மன்றங்கள் கையில் வைத்திருந்த முதன்மையான ஆயுதம் இந்த 1936 சட்டம்.

அந்த மன்றங்களின் பெயரிலும் ஒரு சொற்சிக்கல் இருக்கிறது. ‘அர்பன் டிஸ்ட்ரிக்ட்’ என்பதை ‘நகர்ப்புற மாவட்டம்’ என்று மொழிபெயர்த்தால் நமக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வந்துவிடும். உண்மையில் அது, நம் மாவட்டம் போன்ற கவுன்ட்டிக்குக் கீழே இருந்த ஊர் அளவிலான அமைப்பு. நம் பேரூராட்சி, நகராட்சிக்கு நெருக்கமானது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி மறைந்தது. லங்காஷயரில் சாடர்ட்டன், ராய்ட்டன் போன்ற பஞ்சாலை ஊர்கள் இந்த வகை. விதிவிலக்காக லண்டனை ஒட்டிய ஹாரோ 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு 1954 வரை அர்பன் டிஸ்ட்ரிக்டாகவே இருந்தது. ‘நகர்மன்றப் பகுதி’ என்றால் குழப்பம் வராது.

1948 ஜூலை 5-இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது மருத்துவமனைகள் புதிய வாரியங்களிடம் போயின. பிரசவ உதவி, தடுப்பூசி, ஆம்புலன்ஸ் எல்லாம் கவுன்ட்டி மன்றங்களுக்குப் போயின. சின்ன நகர்மன்றத்தின் சுகாதாரத் துறையில் மிஞ்சியது தொற்றுநோய்த் தகவல், வீட்டுநிலை, உணவு, சாக்கடை, பிறகு நியூசன்ஸ். சுகாதார மருத்துவ அலுவலர் பல ஊர்களில் பகுதிநேரக்காரர், அல்லது நாலைந்து மன்றங்களுக்குப் பொதுவானவர். தெருத்தெருவாக நடந்தவர், பழைய ‘இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்ஸஸ்’ பதவியின் வாரிசான சானிட்டரி இன்ஸ்பெக்டர்தான். அலுவலர் ஆண்டுதோறும் மன்றத்துக்கு அளித்த அறிக்கையில் பிறப்பு இறப்புக் கணக்கை அடுத்து, ‘முறைசாரா அறிவிப்பு இத்தனை, சட்டப்படி அறிவிப்பு இத்தனை, சரிசெய்யப்பட்டவை இத்தனை’ என்று இன்ஸ்பெக்டரின் வேலை வரும். நோய் எங்கே குடியிருந்தது என்பதை அந்த வறண்ட பக்கங்கள் சொல்கிற அளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

போர் ஆண்டுகளில் வீடுகள் பழுது பார்க்கப்படவில்லை. வாடகையோ 1939 அளவில் கட்டுண்டு கிடந்தது. வீட்டுக்காரருக்குச் செலவழிக்க மனமில்லை. 1951 கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குடும்பங்களுக்குக் குளியல் தொட்டி கிடையாது. கூரையில் பலகைக்கல் நழுவி மழைநீர் இறங்கிய வீட்டிலிருந்து புகார் வரும். இன்ஸ்பெக்டர் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார், மாடிக்கு ஏறுவார், கொல்லைக் கழிப்பறையைத் திறப்பார். சாக்கடைக் குழாயில் கசிவு என்று சந்தேகம் வந்தால் குழாய்க்குள் புகையை ஏற்றுவார். சமையலறைத் தரையிடுக்கில் அந்தப் புகை எட்டிப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம். முதலில் நயமாக ஒரு கடிதம். அசையாவிட்டால் சட்டப்படி அறிவிப்பு. அதற்கும் மசியாவிட்டால் மாஜிஸ்திரேட்.

ஆல்ட்ரெட்டின் நாற்றமும் திரும்பி வந்தது. போர்க்காலத்தில் அரசே கொல்லைப்புறத்தில் பன்றி வளர்க்கத் தூண்டி, பன்றி வளர்ப்புச் சங்கங்களை ஊக்குவித்தது. இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலை வரை நீடித்ததால் கொட்டில்களும் நீடித்தன. எச்சில் உணவைக் கொதிக்கவைத்துப் பன்றிக்குப் போடும்போது எழும் வாடை பற்றிய புகாரைத் தள்ளவும் முடியாது, பசித்த காலத்தில் கொட்டிலை இடிக்கச் சொல்லவும் மனம் வராது. இன்ஸ்பெக்டர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

இனி, எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற கேள்வி. 1936 சட்டம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒரு நிலைமை ‘உடல்நலத்துக்குக் கேடாக’ இருக்க வேண்டும், ‘அல்லது நியூசன்ஸாக’ இருக்க வேண்டும். இந்த ‘அல்லது’ பெரிய வழக்காகவே ஆனது. லண்டனின் தெற்கே இருந்த பெஞ்ஜ் என்ற நகர்மன்றப் பகுதியில் ஒரு வீட்டுக்காரர், குடியிருப்பவரைக் கிளப்புவதற்காக வாசற்கதவையும் சில ஜன்னல் சட்டங்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மன்றம் வழக்குப் போட்டது. கதவில்லாததால் உடல்நலம் கெட்டது என்று நிறுவப்படவில்லை. ஆயினும் குடியிருப்பவரின் வசதி குலைந்தாலே போதும், அது நியூசன்ஸ்தான் என்று 1942-இல் தீர்ப்பானது. மன்றங்கள் இதைப் பல ஆண்டுகள் பிடித்துக்கொண்டன. 1976-இல் வந்த இன்னொரு தீர்ப்பு இதைத் திருப்பியது: வீட்டின் பழுது அதற்குள் குடியிருப்பவரை மட்டும் பாதித்தால் அது நியூசன்ஸ் ஆகாது, உடல்நலக் கேடு என்ற காலில்தான் நிற்க வேண்டும். அண்டைவீட்டார் இல்லையென்றால் நியூசன்ஸ் இல்லை என்ற பழைய நிலைக்கே சட்டம் திரும்பிவிட்டது.

ஆகவே சட்டத்தை மொழிபெயர்க்கும்போது இரண்டு சொல்லும் தேவை: ‘உடல்நலத்துக்குக் கேடானது, அல்லது தொல்லையானது’. இரண்டையும் சேர்த்து ‘சட்டத்தால் வகுக்கப்பட்ட நியூசன்ஸ்’ என்ற முழுவகைக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் ‘சுகாதாரக் கேடு’ என்றே வைப்பேன். இதை யாரும் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. ‘கழிவுநீர் தேங்கிச் சுகாதாரக் கேடு’ என்று நம் நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. கெடு என்ற பகுதியின் முதல் நீண்டு கேடு ஆகிறது. படு பாடு ஆவதுபோல முதனிலை திரிந்த தொழிற்பெயர். லத்தீன் வேர் சொன்ன ஊறும் இதில் அப்படியே இருக்கிறது. சட்டப்படி அனுப்பும் அறிவிப்பான ‘அபேட்மென்ட் நோட்டீஸ்’ என்பதைத் ‘தணிப்பு அறிவிப்பு’ என்று எழுதுவதுண்டு. மலக்குழியைத் தணிக்க முடியாது, நீக்கத்தான் முடியும். ‘கேடுநீக்க அறிவிப்பு’ சரி.

புகை இந்தச் சொல்லுக்கு வைத்த சோதனை கடுமையானது. ஆலையின் கரும்புகை 1875-லேயே நியூசன்ஸ். வீட்டுக் கணப்பின் புகைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கின் விலை 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் தெரிந்தது. புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டம், புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை ஊர் மன்றங்களுக்குக் கொடுத்தது. கணப்பை மாற்றும் செலவில் 70 சதவீதம் திரும்பக் கிடைத்தது. சுரங்க ஊர்கள் மட்டும் இழுத்தடித்தன: தொழிலாளிக்குச் சலுகையாக வரும் நிலக்கரியை எரிக்காதே என்று யார் சொல்வது?

கரும்புகையை அளக்கவும் ஒரு வழி இருந்தது. ரிங்கல்மன் அட்டை என்பது வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாய் அடித்தது. கோடு தடிக்கத் தடிக்க எண் கூடும். கோடுகள் கலந்து சாம்பல் நிறமாய்த் தெரியும் தொலைவில் அட்டையை வைத்து, புகைபோக்கி உச்சியோடு ஒப்பிட வேண்டும். இரண்டாம் எண்ணையோ அதற்கு மேலோ ஒத்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அது ‘அடர்புகை’.

அதே 1956-இல் இன்ஸ்பெக்டரின் பெயரும் மாறியது. ‘நியூசன்ஸ்’ முன்பே பதவிப் பெயரிலிருந்து உதிர்ந்திருந்தது. இப்போது ‘சானிட்டரி’யும் உதிர்ந்து ‘பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர்’ ஆனார். 1974-க்குப் பிறகு அங்கே அந்தப் பெயரும் வழக்கொழிந்து ‘சுற்றுச்சூழல் நல அலுவலர்’ வந்தது. இலங்கையிலோ பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர், சுருக்கமாக பி.எச்.ஐ., இன்றும் தெருவில் நடக்கிறார். தமிழில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 1862-இல் வந்த நியூசன்ஸ் கட்டளைச் சட்டமும் அங்கே பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்றதுதான். 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமோ நியூசன்ஸுக்குத் தரும் வரையறையில் கண்ணையும் மூக்கையும் காதையும் உறுத்துவதை ஒருபுறமும், உயிருக்கும் உடல்நலத்துக்கும் கேடானதை மறுபுறமும் வைக்கிறது. தொல்லையும் கேடும் ஒரே வாக்கியத்தில்.

‘கேடு’ எல்லா இடத்திலும் செல்லாது. 1960-இல் இங்கிலாந்து இரைச்சலையும் நியூசன்ஸ் பட்டியலில் சேர்த்தது. இரவு முழுக்க அடுத்த வீட்டு ஒலிபெருக்கி அலறினால் அதற்கு ‘ஒலித் தொல்லை’ என்பதுதான் பொருத்தம். அதைச் சுகாதாரக் கேடு என்று எழுதினால் வாசகர் சாக்கடையைத் தேடுவார்.