பிலிமின் குணம் எங்கிருந்து வருகிறது?

டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சென்சாரை ஒருமுறைதான் வாங்குகிறோம். பிலிம் கேமராவில் 36 படத்துக்கு ஒருமுறை அதையே மாற்றிவிடுகிறோம். பழைய பென்டாக்ஸோ நிக்கானோ, பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டியும் ஷட்டரும்தான். நிறம், கான்ட்ராஸ்ட், கிரெயின் என்ற புள்ளித்தன்மை எல்லாமே அந்தச் சின்ன உருளைக்குள் சுருண்டு கிடக்கின்றன. அதனால்தான் பிலிமில் படம் எடுக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், 'என்ன கேமரா?' என்று கேட்ட கையோடு 'என்ன ரோல் போட்டிருக்கீங்க?' என்பார்கள். போர்ட்ராவில் முகம் மென்மையாக வரும், எக்டாரில் கன்னம் சிவந்துபோகும், சினிஸ்டில்லில் தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும் என்று அனுபவத்தில் சொல்வார்கள். இதையெல்லாம் மாயம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு குணத்துக்கும் வேதியியலில் ஒரு காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் யாரோ ஒரு வேதியியலாளர் ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருப்பார்.

பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டினில் பரவிய சில்வர் புரோமைடு படிகங்கள். கொஞ்சம் சில்வர் அயோடைடும் கலந்திருக்கும். படிகத்தின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். ரோலுக்கு ரோல் கூடும், குறையும். ஒளித்துகள் ஒன்று படிகத்தில் பட்டதும் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது உள்ளே அலைந்து, படிகத்தில் பிசகு உள்ள ஏதாவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறது. அங்கே நகர்ந்துவரும் வெள்ளி அயனி அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோக வெள்ளி அணுவாகிறது. ஒரே இடத்தில் இப்படி நாலு அணுக்கள் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் ஒளியைப் பதிந்துவிட்டது. இந்த விளக்கத்தை 1938இல் ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் கொடுத்தார்கள்.

நாலே நாலு அணுக்களை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. டெவலப்பர் என்ற ரசாயனத்தில் போட்டதும்தான் விஷயம் வெளியே வரும். அந்த நாலு அணுக்கள் உள்ள படிகத்தை மட்டும் டெவலப்பர் பிடித்து, முழுப் படிகத்தையும் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. பதிந்த சமிக்ஞையை ஏறக்குறைய நூறு கோடி மடங்கு பெருக்குகிற வேலை இது. ஒளி படாத படிகங்களை ஹைப்போ என்ற இன்னொரு ரசாயனம் கரைத்துக் கழுவிவிடும். மிச்சம் இருப்பதுதான் நெகட்டிவ்.

படிகத்தில் அந்தப் பிசகு எப்படி வந்தது என்பதற்கு ஒரு மாட்டுக் கதை உண்டு. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது. 1920களில் கோடாக் நிறுவனத்தில் ஒரு தலைவலி: ஒரு சரக்கு ஜெலட்டினில் செய்த பிலிம் நன்றாக வேகம் கொடுக்கும், அதாவது குறைந்த ஒளியிலேயே பதியும், அடுத்த சரக்கில் செய்தது மந்தமாக இருக்கும். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஷெப்பர்ட் 1925இல் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஜெலட்டினில் மிக நுண்ணிய அளவில் கந்தகச் சேர்மங்கள் இருந்தன. மாடு மேய்ந்த கடுகுவகைச் செடிகளிலிருந்து வந்த கந்தகம் அது! படிகத்தின் மேல் சில்வர் சல்பைடு துணுக்குகளை உண்டாக்கி, எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் இடங்களை அதுதான் அமைத்துக் கொடுத்தது. அதன்பிறகு ஜெலட்டினைச் சுத்தம் செய்து, கந்தகத்தை அளந்து சேர்க்கத் தொடங்கினார்கள். 1930களில் அக்ஃபா நிறுவனம் கந்தகத்தோடு துளி தங்க உப்பும் சேர்த்து வேகத்தை இன்னும் கூட்டியது.

வேகம் என்றதும், அதை அளந்து சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு வருவோம். நாலு அணு சேர்ந்தால் முழுப் படிகமும் கறுக்கும் என்றால், பெரிய படிகத்துக்குத்தான் லாபம் அதிகம். அதன் பரப்பு பெரிது, ஒளித்துகள் வந்து விழும் வாய்ப்பும் அதிகம். ஆனால் கறுத்தபின் அதே பெரிய படிகம் பெரிய புள்ளியாகக் கண்ணில் படும். ஐஎஸ்ஓ 400 பிலிமில் கிரெயின் தெரிவதும் ஐஎஸ்ஓ 50 பிலிம் வழவழப்பாக இருப்பதும் இதனால்தான். இந்தக் கட்டாயத்தை ஓரளவு உடைத்தது படிகத்தின் வடிவம். மாவை உருண்டையாக வைத்தால் கொஞ்சம் பரப்பில்தான் வெயில் படும். அதே மாவை அப்பளமாகத் தேய்த்தால் மொத்தமும் வெயில் காயும். கோடாக் 1980களில் படிகத்தை இப்படித் தட்டையாக வளர்க்கக் கற்றுக்கொண்டது. 1986இல் வந்த டி-மேக்ஸ் அந்த வகை. 1954 முதல் 35 மி.மீ. ரோலாகக் கிடைக்கிற ட்ரை-எக்ஸ் பழைய கட்டிப் படிகத்தில் செய்தது. இரண்டும் 400 வேகம்தான், ஆனால் டி-மேக்ஸில் கிரெயின் குறைவு. அப்படியிருந்தும் பலர் ட்ரை-எக்ஸையே கேட்டு வாங்குகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். தட்டைப் படிகப் பிலிம்கள் கழுவும் நேரத்திலும் சூட்டிலும் சின்னத் தவறைக்கூடப் பொறுக்காது. பழைய படிகத்துக்குப் பெருந்தன்மை அதிகம்.

அடுத்தது, பிலிமுக்கு எந்த நிறம் தெரியும் என்ற கேள்வி. சில்வர் புரோமைடுக்கு இயல்பாக நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக, மேகமே இல்லாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீல வானமும் வெள்ளை மேகமும், அன்று பிலிமுக்குப் பதில் பயன்பட்ட கண்ணாடித் தட்டுக்கு ஒன்றுதான். 1873இல் ஜெர்மானியர் ஹெர்மான் வில்ஹெல்ம் ஃபோகல், சில தட்டுகள் பச்சை ஒளியையும் பதிவதைக் கண்டார். வேறு காரணத்துக்காகச் சேர்த்திருந்த சாயம் ஒன்று பச்சை ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் படிகத்துக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தது. நீலமும் பச்சையும் தெரிந்து சிவப்பு மட்டும் தெரியாத பிலிமுக்கு ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். சிவப்பு விளக்கை எரியவிட்டே அதைக் கழுவலாம். அதில் ஒரு முகத்தை எடுத்தால் உதடு கறுக்கும், நெற்றிக் குங்குமம் மைப்பொட்டு போல் விழும், சிவப்புப் பட்டுப்புடவை கறுப்புப் புடவையாகும். நம் தோல் சிவப்பொளியைத்தான் அதிகம் திருப்பியனுப்பும் என்பதால் முகமும் ஓரிரு படி கறுத்துத் தெரியும். பிறகு வந்த பான்குரோமாட்டிக் பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், அதனால் ரோலைக் கழுவ முழு இருட்டு வேண்டும். ஆர்த்தோ இன்னும் போய்விடவில்லை. இல்ஃபோர்டு 'ஆர்த்தோ பிளஸ்' விற்கிறது, இந்தக் குணத்துக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

கலர் பிலிமில் இதே படிகங்கள் மூன்று அடுக்காக வரும்: மேலே நீலத்துக்கு, நடுவே பச்சைக்கு, அடியில் சிவப்புக்கு. டெவலப்பர் வெள்ளியாக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'கப்ளர்' என்ற வேதிப்பொருள் பக்கத்திலேயே சாயத்தை உண்டாக்கும். பிறகு வெள்ளியை முழுக்க வெளுத்து எடுத்துவிடுவார்கள், சாயம் மட்டும் மிஞ்சும். நெகட்டிவ் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது என்று கேட்காதவர் இல்லை. சாயங்கள் தூய்மையானவை கிடையாது, மெஜந்தா கொஞ்சம் நீலத்தையும் விழுங்கும். அந்தப் பிழையைப் பிரிண்டில் ஈடுகட்டத்தான் கப்ளர்களுக்கே முன்கூட்டி நிறம் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

எக்டாரின் பளீர் நிறமும் போர்ட்ராவின் அடக்கமும் இந்த அடுக்குகளுக்கிடையே நடக்கும் அடிபிடியில் தீர்மானமாகின்றன. சில கப்ளர்கள் வேலை செய்யும்போது ஒரு தடைப்பொருளையும் வெளியிடும். அது பக்கத்து அடுக்குக்குப் பரவி, அங்கே டெவலப்மென்ட்டை மட்டுப்படுத்தும். ஓர் அடுக்கு அதிகம் பதிந்தால் மற்றவை பின்வாங்கும், அதனால் நிறம் இன்னும் தூய்மையாக, அழுத்தமாகத் தெரியும். இந்த விளைவைக் கூட்டினால் இலை, வானம், சாயம் பூசிய சுவர் எல்லாம் பளிச்சென்று வரும். அதே பிலிமில் மனிதத் தோல் பொறுக்காது, சின்னச் சிவப்பும் திட்டாகிவிடும். 1990இல் வந்த ஃபுஜி வெல்வியா நிலக்காட்சிக்காரர்களின் செல்லப்பிள்ளை, ஆனால் கல்யாண வீட்டுக்கு அதை யாரும் எடுத்துப்போவதில்லை.

தோல் என்றதும் இன்னொன்று. பிரிண்டில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கோடாக் பல பத்தாண்டுகள் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தோலுக்குச் சரியென்றால் எல்லாம் சரி என்று கருதியதில், கறுத்த முகங்கள் விவரமிழந்து விழுந்தன. பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. நம் ஊர் ஆல்பங்களில் முகம் இருண்டு பல் மட்டும் வெளுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போட்டோகிராபரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

விளக்குக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் பிலிமில் கிடையாது. அதைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். பகல் வெளிச்சத்துக்கான ரோலைக் குண்டு பல்பின் கீழ் பயன்படுத்தினால் படம் மஞ்சளாகும், டியூப்லைட்டின் கீழ் பச்சையாகும். சினிமா நெகட்டிவ் டப்பாவில் 250டி (D), 500டி (T) என்று இருக்கும், வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். முன்னது டேலைட் என்ற பகல் வெளிச்சத்துக்கு, பின்னது டங்ஸ்டன் என்ற குண்டு பல்புக்கு. டங்ஸ்டன் நெகட்டிவை வெயிலில் வைத்துப் படம் பிடிக்க, ஒளிப்பதிவாளர்கள் லென்ஸ் முன்னால் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போடுவார்கள்.

சினிஸ்டில் 800 அந்த டங்ஸ்டன் சினிமா நெகட்டிவிலிருந்து பிறந்ததுதான். கோடாக்கின் அந்த 500டியின் முதுகில் நெடுங்காலம் கரிப்பூச்சு ஒன்று இருந்தது. பிலிமைத் துளைத்துக்கொண்டு போகும் ஒளி மறுபடி திரும்பி வராமல் அதை விழுங்குவது இந்தப் பூச்சின் ஒரு வேலை. சாதாரண லேப் மெஷினில் அதைப் போட்டால் கரி பிரிந்து வந்து ரசாயனத்தையே கெடுத்துவிடும். ஆகவே சினிஸ்டில்காரர்கள் பூச்சு இல்லாமலே விற்கிறார்கள். தடுக்க ஆளில்லாததால் பெட்ரோல் பங்க் விளக்கு, நியான் போர்டு போன்றவற்றின் ஒளி பிலிமைக் கடந்து, பின்பக்கம் பட்டு, திரும்பி மேலே வருகிறது. திரும்பும்போது முதலில் எதிர்ப்படுவது அடியிலுள்ள சிவப்பு அடுக்கு. அந்தப் புகழ்பெற்ற சிவப்பு வளையம் இதுதான். ஒரு பாதுகாப்பை எடுத்துவிட்டதால் வந்த பழுது, இன்று அந்த ரோலின் விற்பனைச் சரக்கு!

நீண்ட எக்ஸ்போஷரில் இன்னொரு வினோதம். ஒளியை அளக்கும் மீட்டர் 10 விநாடி என்றால் 10 விநாடி கொடுத்தால் போதும் என்பது டிஜிட்டல் கணக்கு. பிலிமில் செல்லாது. படிகத்தில் முதல் வெள்ளி அணு தனியாக உட்கார்ந்திருக்கும்போது நிலையற்றது. துணைக்கு இரண்டாவது சீக்கிரம் வராவிட்டால் சிதைந்து மறுபடி அயனியாகிவிடும். மங்கிய ஒளியில் ஒளித்துகள்கள் இடைவெளி விட்டு வருவதால், சேர்த்ததெல்லாம் கரைந்துகொண்டே இருக்கும். 10 விநாடிக்கு இல்ஃபோர்டு எச்பி5 ஏறக்குறைய 20 விநாடி கேட்கும். செக் நாட்டு ஃபோமாபேன் 100 கேட்பது 80 விநாடி. ஃபுஜி அக்ராஸோ இரண்டு நிமிடம் வரை ஒன்றும் கேட்காது. இரவுக் காட்சிக்கு ட்ரைபாட் தூக்கிக்கொண்டு போகிறவர் ஐஎஸ்ஓ எண்ணைவிட இந்த அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எக்ஸ்போஷரில் நெகட்டிவுக்கும், நேரடியாகப் பாசிட்டிவ் படமாக வரும் ஸ்லைடுக்கும் எதிரெதிர் சுபாவம். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் ஓவரானாலும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) தாங்கும், அண்டரானால் நிழல் சேறாகிவிடும். ஸ்லைடில் அரை ஸ்டாப் ஓவரானாலே வெளிச்சப் பகுதி வெறும் கண்ணாடி. பிலிமை அதன் எண்ணைவிட வேகமானதாக வைத்துப் படம் எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவதை 'புஷ்' என்பார்கள். அதனால் நிழலில் விவரம் கூடும் என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 400 வேக எச்பி5ஐ ஐடி-11 டெவலப்பரில் வழக்கமாக ஏழரை நிமிடம் கழுவுவார்கள். 1600க்குத் தள்ளினால் 14 நிமிடம். ஆனால் நாலு அணு சேராத படிகத்தை எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் பயனில்லை. நிழலில் புதிதாக எதுவும் முளைக்காது. ஏற்கெனவே பதிந்த இடங்கள் இன்னும் அடர்த்தியாகி, கான்ட்ராஸ்ட் ஏறும், அவ்வளவுதான்.

அந்த ஏழரை நிமிடம் 20 டிகிரிக்கான கணக்கு. சென்னையில் மே மாதம் குழாயில் வருவது 30 டிகிரிக்கு மேல். அப்படியே ஊற்றினால் டெவலப்மென்ட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வர ஆரம்பிக்கும். பேசினில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டெவலப்பரை மட்டும் குளிரவைத்து, பிறகு சூடான குழாய்த் தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் சுருங்கி விரிந்து தோலில் விழும் வெடிப்பு போல் ஆகிவிடும், எனவே கடைசி அலசல் வரை ஒரே சூடு. விசித்திரம் என்னவென்றால், கடினம் என்று பேர் வாங்கிய கலருக்கு இங்கே சிரமம் குறைவு. கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறைக்கு வேண்டியது 37.8 டிகிரி, சென்னை அதற்குப் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கும்.

இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை ஊட்டியில் கட்டியதிலும் இந்தச் சூட்டுக் கணக்கு இருந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. பூச்சு காய்வதற்குள் ஒரு தூசு விழுந்தாலும் படத்தில் ஓட்டை. மலைக்காற்று குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் இருந்தது வசதி. டிஜிட்டல் வந்தபின் அது மூடப்பட்டது.

வாங்கிய ரோலைச் சமவெளிக்காரர்கள் ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. வெக்கையில் மூன்று கலர் அடுக்குகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை, காலாவதியான ரோலில் நிறம் ஒரு பக்கம் சாய்வது இதனால்தான். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடு என்று சொல்வார்கள், அது ரோல் எங்கே கிடந்தது என்பதைப் பொறுத்தது. டாஷ்போர்டில் ஒரு கோடை கிடந்ததற்கு எந்த விதியும் உதவாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் உடனே வியர்த்துவிடும். விமானப் பயணம் என்றால் ரோலைக் கைப்பையில் தனிக் கவரில் போட்டு, சிடி ஸ்கேனருக்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேகமான ரோல்கள்தான் அதில் முதலில் புகை படிந்தாற்போல் மங்கும்.