மிசிசிப்பிக் குன்றுகளை வெட்டிய ஆறு எது?

அமெரிக்காவின் மினசோட்டாவில், வினோனாவுக்கு அருகே, கிரேட் ரிவர் பிளஃப்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. காட்டுப் பாதையில் நடந்து கிங்ஸ் பிளஃப் முனைக்கு வந்தால் கீழே மிசிசிப்பி தெரியும். தீவுகளும் கிளைகளுமாகப் பிரிந்து நிதானமாக ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கோ கிலோமீட்டர் கணக்கில் அகலம். இருபுறமும் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்துக்குக் குன்றுகள். இந்த ஆறு மட்டுமா இதை வெட்டியிருக்கும்?

இல்லை. பனியுகம் முடிந்துகொண்டிருந்தபோது வடக்கே பனி உருகி அகாசி என்ற மாபெரும் ஏரி தேங்கியது. சுமார் 12 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது தெற்கே உடைத்துக்கொண்டு, வாரன் என்ற பேராறாக இவ்வழியே பாய்ந்தது. வண்டலை ஏரியிலேயே படியவிட்டு வந்த நீர் என்பதால் அதற்கு அரிக்கும் பலம் அதிகம். பள்ளத்தாக்கு ஆழமாகத் தோண்டப்பட்டது. அப்புறம் அந்த வரத்து நின்றது. துணையாறுகள் கொண்டுவந்த மணலை அள்ளிச் செல்ல மிசிசிப்பியால் முடியவில்லை. பள்ளம் மெல்லத் தூர்ந்தது. சிப்பெவா ஆறு கொட்டிய மணல் குறுக்கே அணைபோல நின்றதால் உருவானதுதான் சற்று மேலேயுள்ள பெப்பின் ஏரி.

சரி, குன்றின் முகம் ஏன் செங்குத்தாக நிற்கிறது? உச்சியில் இருப்பது டோலமைட் என்ற, சுண்ணாம்புக்கல்லைப் போன்ற கெட்டியான பாறை. அடியில் எளிதில் உதிரும் மணற்கல். அடி கரையக் கரைய, பிடிமானம் இழந்த மேல்பாறை பாளம் பாளமாக உடைந்து விழுகிறது. விரிசலில் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிந்து பாறையை நெம்புவதும் இதற்குத் துணை. இந்த வேலை இன்றும் நிற்கவில்லை. அதனால்தான் விளிம்பை ஒட்டி நிற்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். காலடிப் பாறைக்குக் கீழே வெறும் வெளியாக இருக்கலாம்.

தென்மேற்கு பார்த்த சரிவுகளில் மரங்கள் குறைவு. குளிர்காலத்தில் பகல் வெயிலில் இளகி, இரவில் உறையும் மண்ணில் கன்றுகள் பிழைப்பது கடினம், புல்தான் ஆள்கிறது. அவ்வப்போது திட்டமிட்டுத் தீ வைக்காவிட்டால் செவ்வகில் (ரெட் சீடர்) மரங்கள் அதையும் மூடிவிடும்.

விரிசல்கள் உயிர்களுக்கு வீடும்கூட. தெற்கே இல்லினாயில் உள்ள லாரூ பைன் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதியில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் பாம்புகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் எதிரேயுள்ள சதுப்புக்குப் போய், இலையுதிர்காலத்தில் திரும்புகின்றன. இடையில் ஒரு சாலை. அவை கடப்பதற்காக ஆண்டுக்கு இருமுறை, சுமார் 4 கிலோமீட்டர் தூரத்துக்கு, அந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள். வண்டிகளுக்குத்தான் தடை, நடந்து போகலாம்.