தெருவில் வெட்டுக்குத்தைப் பார்த்த குழந்தை

வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற நெருக்கமான சென்னைக் குடியிருப்புகளில் வீட்டு வாசலும் தெருவும் வெவ்வேறல்ல. அங்கே என்றேனும் ஒரு வெட்டுக்குத்து நடந்தால், குடங்களுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருக்கும் மூன்று வயதுக் குழந்தையும் அதைப் பார்த்துவிடுகிறது. ‘சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்’ என்று பெரியவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். நடந்ததைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு வார்த்தைகள் இல்லாதிருக்கலாம்; உடல் அதை எளிதில் விட்டுவிடுவதில்லை.

அபாயத்தை உணர்ந்ததும் மூளையின் உட்பகுதியிலுள்ள அமிக்டலா எச்சரிக்கை விடுக்கிறது. அந்தச் செய்தி ஹைப்போதலாமஸ் வழியாகச் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளை எட்ட, முதலில் அட்ரினலினும் சற்றுப் பின்னர் கார்ட்டிசோலும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, உறக்கம் விலகுகிறது. இந்த எச்சரிக்கையைத் தணிக்கப் பெரியவர்களுக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் புறணி உதவுகிறது. அது முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஆகவே மூன்று வயதில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது, குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரின் குரலும் மூச்சும் முகமும்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டாரத்தி பர்லிங்காமும் இதை நேரில் கண்டார்கள். தாய் நிதானமாக இருந்தால் குண்டுவீச்சையும் பல குழந்தைகள் தாங்கிக்கொண்டார்கள். தாயைப் பிரிந்ததே அவர்களை அதிகம் உலுக்கியது. ‘கொஞ்ச நாள் ஊரில் பாட்டியிடம் இருக்கட்டும்’ என்று உடனே அனுப்பிவிடும் நம் வழக்கத்தை, ஆபத்து நீடித்தாலன்றி, தவிர்ப்பதே நல்லது என்பேன். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் தாயும் உடன் செல்லட்டும். தாய் பதறுவது குற்றமன்று. மூச்சை மெல்ல நீட்டி வெளியே விட்டால் இதயத்துடிப்பு தணியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அழுது தீர்த்துவிட்டு வருவதும் குழந்தைக்குச் செய்யும் உதவிதான்.

பிறகு வரும் நாட்களில் குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கலாம், இடுப்பை விட்டு இறங்க மறுக்கலாம், சாவு ஊர்வலத்தின் பட்டாசுச் சத்தத்திற்கு அலறலாம். இவை அடம் அல்ல. 1976இல் கலிஃபோர்னியாவில் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 பிள்ளைகளில் பெரும்பாலோரை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், பார்த்த கொடுமையையே மகிழ்ச்சியின்றித் திரும்பத் திரும்ப விளையாடும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். கரண்டியை அரிவாளாக ஓங்கும் பிள்ளையை அடிக்க வேண்டாம். அருகில் அமர்ந்து, ‘இதோ ஆம்புலன்ஸ் வந்திருச்சு’ என்று அந்த விளையாட்டுக்கு வேறொரு முடிவைக் காட்டலாம்.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று மழுப்புவது தீங்கானது, ஏனெனில் தன் சேட்டையால்தான் அது நடந்தது என்று இந்த வயதுப் பிள்ளை நம்பக்கூடும். ‘அந்த அண்ணனுக்கு அடிபட்டிருச்சு. நீ பயந்துட்ட. உன் மேல தப்பு இல்ல. அம்மா உன்கூடவே இருக்கேன்’ என்பது போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சிசிடிவி காட்சியைக் குழந்தையின் எதிரே ஓடவிடக் கூடாது. நடந்தது நேற்றே முடிந்துபோனது என்று குழந்தைக்குத் தெரியாது, மறுபடியும் நடப்பதாகவே தோன்றும்.

மாலையில் தர்காவுக்கோ கோயிலுக்கோ தூக்கிச் சென்று மந்திரித்து வருவதை நான் இகழமாட்டேன். தோளில் சாய்ந்திருப்பதும் தாழ்ந்த குரலில் ஓதுவதைக் கேட்பதும் இதமானவையே. அதட்டலும் வேப்பிலை அடியும் மட்டும் வேண்டாம். தினமும் அதே நேரத்தில் சோறு, அதே பாயில் உறக்கம், வழக்கம்போல் அங்கன்வாடி: அடுத்து என்ன வரும் என்று தெரியும்போது உடலின் எச்சரிக்கை அடங்குகிறது.

ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் குறையாவிட்டால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். நடந்ததை அங்கன்வாடி டீச்சரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அன்று அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு விடாத குழந்தையை அவர் அதட்டமாட்டார்.