வாசிக்கத் திணறும் பிள்ளை மீது பொலிஸ் வழக்கு வந்தால்

இலங்கையில் 12 வயது ஆகாத பிள்ளை எதைச் செய்தாலும் அது சட்டத்தின் கண்ணில் குற்றமல்ல. முன்பு இந்த எல்லை 8 வயதாக இருந்தது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி உயர்த்தினார்கள். 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், தான் செய்வது என்ன, அதனால் என்ன வரும் என்று விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என நீதிமன்றம் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள். “பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் திணறவைக்கும் கற்றல் குறைபாடு), அதனால் வழக்கு நிற்காது” என்று நினைக்கக் கூடாது. எழுத்துக் கூட்ட வராத பிள்ளைக்கும் களவு பிழை என்று தெரியும். கற்றல் குறைபாடு யாரையும் திருடனாக்குவதும் இல்லை. ஆனால் வகுப்பில் ‘மக்கு’ என்று பெயர் வாங்கி, பாடசாலைக்கு மட்டம் போட்டு, புறக்கோட்டைப் பக்கம் பெரிய பையன்களோடு சுற்றத் தொடங்கினால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்புக் கூடுகிறது. அமெரிக்காவில் 2005இல் வந்த ஓர் ஆய்வு, இளையோர் தடுப்பு நிலையங்களில் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோவொரு குறைபாட்டுக்காக விசேட கல்வி பெறுபவர்கள் என்றது.

குறைபாடு உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் வேறு. முதலாவது, வாக்குமூலம். கொழும்பில் அது பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். நம் பையனுக்குத் தமிழே வாசிக்க வராது. தாளை நீட்டினால் பயத்தில் தலையாட்டிக் கையெழுத்து வைத்துவிடுவான். ஆகவே பெற்றோர் பக்கத்தில் இருந்து, எழுதியதைத் தமிழில் மெதுவாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வாசிக்க வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நீதிமன்றத்தில் மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தருவது அரசின் கடமை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது.

இரண்டாவது, நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை. வீட்டு நிலை, பாடசாலைப் பதிவு, உடல்நலம் எல்லாம் அதில் வரும். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, மேற்பார்வையில் விடுவதா, சிறுவர் சீர்திருத்த நிலையத்தில் சேர்ப்பதா என்று நீதவான் முடிவெடுக்கும்போது இது நிறையப் பேசும். அதிகாரி வீட்டுக்கு வரும்போது ‘படிப்பில் சோம்பேறி’ என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். கொப்பிகளை எடுத்துக் காட்டுங்கள்: வாய்மொழியாகச் சரியான விடை சொல்லும் பிள்ளை எழுத்தில் எங்கே தடுமாறுகிறான் என்று அதில் தெரியும். வகுப்பாசிரியரின் கடிதமும், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையின் கிளினிக் துண்டும் இருந்தால் இன்னும் நல்லது. வழக்கு வந்த பிறகு இதற்கெல்லாம் அலைவது சிரமம். சந்தேகம் வந்த தவணையிலேயே பரிசோதித்து வைத்திருப்பது புத்தி. அதே துண்டு, பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கவும் உதவும்.

சிறுவர் வழக்கு மூடிய அறையில்தான் நடக்கும். பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் அடித்தாலோ மிரட்டினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். வருமானத்தைக் காட்டும் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோனால் ஓர் அலைச்சல் மிச்சம்.