கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போனால்

போன வாரம் வந்த பையனுக்கு 23 வயது. தலைவலி, பார்வை மங்கல் என்று கண் டாக்டரிடம் போயிருக்கிறான். பிரஷர் 190/120. அவர் சிறுநீரக டாக்டரான என்னிடம் அனுப்பிவிட்டார். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது கெட்டால் ரத்தத்தில் ஏறும்) 5.2, மிக அதிகம்.

"முன்னாடி எப்பவாவது யூரின் கலர் மாறியிருக்கா?" என்று கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "அது ஸ்கூல் படிக்கிறப்பவே உண்டு சார். சளி பிடிச்சா சூடு ஏறி, கடுங்காப்பி மாதிரி போவான். வெந்தயம் ஊறவெச்சுக் குடுப்பேன், ரெண்டு நாள்ல சரியாயிடும்."

இந்த மாதத்தில் இந்தக் கதையை நான் கேட்பது மூன்றாவது முறை. வெந்தயத்துக்குப் பதில் ஒரு வீட்டில் பார்லி, இன்னொரு வீட்டில் இளநீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதன் பெயர் ஐஜிஏ நெஃப்ரோபதி. 1968இல் பாரிஸில் பெர்ஜர் என்ற மருத்துவர் விவரித்ததால் பெர்ஜர் நோய் என்றும் சொல்வோம். தொண்டையையும் குடலையும் காவல் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிந்து புண்ணாக்குகிறது. அதனால்தான் தொண்டை வலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் நிறம் மாறுகிறது. (ஒன்றிரண்டு வாரம் கழித்து மாறினால் அது வேறு நோய், பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது.) அரிய நோய் என்பார்கள். ஆனால் வடிகட்டி அழற்சிகளில் உலக அளவில் அதிகம் காணப்படுவது இதுதான்.

சரி, சூட்டுக்கு வருவோம். உடம்புச் சூட்டால் சிறுநீரில் ரத்தம் வராது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் அடர் மஞ்சளாகப் போகும், தண்ணீர் குடித்தால் வெளுத்துவிடும். கடுங்காப்பி நிறம் என்றால் அது பெரும்பாலும் ரத்தம். இந்த நோயில் அந்த நிறம் இரண்டு மூன்று நாளில் தானாகவே போய்விடும். நீங்கள் வெந்தயம் கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். பெயர் மட்டும் வெந்தயத்துக்கு. நிறம் தெளிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் புரதமும் வருடக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொரு சமாதானம், கல். ஸ்கேனில் 3 மில்லிமீட்டர் கல் ஒன்று தென்பட்டால் எல்லோருக்கும் நிம்மதி, வாழைத்தண்டு ஜூஸோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கல் நகர்ந்தால் வலி சுருட்டிப் பிடிக்கும், ஐயா. வலியே இல்லாமல், சளி பிடிக்கும்போதெல்லாம் நிறம் மாறுவதற்குக் கல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்கேன் நார்மல் என்பதாலும் நிம்மதி அடையாதீர்கள், ஆரம்பத்தில் ஸ்கேனில் எதுவும் தெரியாது. உறுதி செய்ய பயாப்சிதான் வழி. மெல்லிய ஊசியில் நூல் கனத்தில் சதை எடுப்போம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான். அதனால் சிறுநீரகம் கெட்டுப்போகாது.

நிறம் மாறிய அன்றே யூரின் டெஸ்ட் கொடுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம். நிறம் தெளிந்ததும் மறுபடி ஒரு டெஸ்ட், கூடவே சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின், பிரஷர். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வலியில்லாமல் ரத்தம் போனால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். பிரஷர் மாத்திரை எழுதினால் "எனக்குத்தான் பிரஷர் இல்லையே" என்று நிறுத்தாதீர்கள், அது புரதக் கசிவைக் குறைக்கவும்தான். பெண்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தப் பையனின் சிறுநீரகங்கள் சுருங்கிவிட்டன, பயாப்சி செய்யவும் வழியில்லை. கதையை வைத்துத்தான் நோயின் பெயரை ஊகிக்கிறேன். கிளம்பும்போது அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வெந்தயத்தாலதான் கெட்டுப்போச்சா சார்?"

"வெந்தயம் ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன்.